2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்: மூணு வருஷம் மாவு ஆட்டினதுக்கு அப்புறம் எழுதுறேன்

கிரைண்டர் வாங்கின முதல் வாரத்துல ரிவ்யூ எழுதுறதுல பிரயோஜனம் இல்லைங்க, புதுக் கல்லு எதுவா இருந்தாலும் நல்லாத்தான் ஆட்டும். நான் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா மாவு ஆட்டுறது என் வேலை. ஊருக்குப் போன வாரம், உடம்பு சரியில்லாத வாரம் எல்லாம் கழிச்சாலும் ஒரு 130 தடவைக்குக் குறையாம ஓட்டியிருப்பேன், அதை வச்சுத்தான் இதை எழுதுறேன்.

முன்னாடி எங்க வீட்டுல மாவு ஆட்டுறது மனைவிதான். அவங்க வீட்டுல சீரா குடுத்த பெரிய டில்டிங் கிரைண்டர் (டிரம்மைச் சாய்ச்சு மாவை எடுக்குற மாடல்) இருந்துச்சு, பத்து வருஷம் உழைச்சுது, ஆனா ஒவ்வொரு தடவையும் அந்தக் குழவியைத் தூக்கி இறக்கிக் கழுவி மறுபடி மாட்டணும். அவங்களுக்கு வலது மணிக்கட்டு வலி வந்து, டாக்டர் வெயிட் எதுவும் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். அப்புறம் ஒரு ரெண்டு மாசம் கடையில பாக்கெட் மாவு வாங்கினோம். முதல் நாள் இட்லி பரவாயில்ல, மூணாவது நாள் தோசை ஊத்தினா புளிப்பு பல்லைக் கூசுது, பொண்ணு ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிட மாட்டேங்குறா. ஒரு நாள் ராத்திரி இவங்க கையில தைலம் தேய்ச்சுக்கிட்டே "ஏங்க, நாளைக்கு நானே ஆட்டிடறேன்"னு சொன்னாங்க பாருங்க, அப்பதான் எனக்கு உறைச்சுது, நான் ஏன் இதைக் கத்துக்கலன்னு. சின்ன கிரைண்டரா ஒண்ணு வாங்குவோம், இனிமே நான் ஆட்டுறேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்.

நாங்க திருச்சி. அந்த சமயத்துல கோயம்புத்தூர்ல ஒரு சொந்தக்காரங்க கல்யாணம் வந்துச்சு, அங்கேயே வாங்கிடலாம்னு கிராஸ்கட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கிரைண்டருக்கு கோவைன்னு சும்மா சொல்லல. மோட்டார் வச்ச வெட் கிரைண்டரை 1955ல செஞ்சது கோவைக்காரர் சபாபதிதான், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்ங்கிற பேருக்கு 2005-06ல புவிசார் குறியீடும் குடுத்திருக்காங்க. கடையில இருந்த பெரியவர் மாடல் பேரு, வாரண்டி எதையும் முதல்ல சொல்லல. டிரம்மைத் திறந்து "கல்லைத் தொட்டுப் பாருங்க தம்பி"ன்னார். உள்ளங்கையை வச்சுத் தேய்ச்சா மெல்லிசா சொரசொரன்னு இருக்கணும், வழவழன்னு இருந்தா அரிசி வழுக்கிட்டுப் போகும், ரொம்பக் கரடா இருந்தா கல்லு உதிரும்னு சொன்னார். குழவியை விரலால சுத்திவிட்டா தடங்கல் இல்லாம சுத்தணும், ஆட்டம் இருக்கக் கூடாது. நான் இப்போ யாரு கேட்டாலும் இந்த ரெண்டைத்தான் முதல்ல பாக்கச் சொல்றேன்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் இது வேலை செய்யுற விதம். எங்க பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லுல உரல் நிக்கும், குழவி சுத்தும். ஒரு கை குழவியைச் சுத்தும், இன்னொரு கை மாவைத் தள்ளிவிட்டுக்கிட்டே இருக்கும். கிரைண்டர்ல அப்படியே தலைகீழ், குழவியை ஒரு இடத்துல பிடிச்சு வச்சுட்டு உரலைச் சுத்த விடுறாங்க. அடிக்கல்லு சுத்துற உராய்வுலதான் ரெண்டு குழவியும் தானா உருளுது, அதுக்குன்னு தனி மோட்டார் கிடையாது. பாட்டியோட இன்னொரு கைக்குப் பதிலா டிரம் ஓரத்துல ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வைப்பர், அது ஒட்டுற மாவை வழிச்சு மறுபடி கல்லுக்கு அடியில தள்ளும். நிதானமா நசுக்குறதால மாவு சூடாகாது. மிக்ஸி மோட்டார் நிமிஷத்துக்கு 18,000 சுத்துக்கு மேல போகும், பிளேடு உளுந்தை வெட்டுது, மாவு சூடாகுது, ஆட்டுற மாதிரி காத்து உள்ள இறங்குறதில்ல. ரெண்டு இட்லியையும் பக்கத்துல வச்சுப் பிச்சுப் பாத்தா யாருக்கும் தெரியும்.

கல்லுல குழவி கூம்பு ஷேப்ல வருது, உருளை ஷேப்லயும் வருது. கூம்புதான் நான் வாங்கினது. நடுவுல சுத்துற தூரம் கம்மி, ஓரத்துல ஜாஸ்தி, கூம்பு அதுக்கேத்த மாதிரி இழுபடாம உருளும். மூணு குழவி வச்சதும் இருக்கு, காசு கூட. இட்லி மாவுக்கு ரெண்டே போதும்ங்க.

இப்போ என் அளவைச் சொல்லிடறேன், ஏன்னா கிரைண்டர்ல 2 லிட்டர்னு போட்டிருக்குன்னு 2 லிட்டர் அரிசி போட்றக் கூடாது. 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் முழு வெள்ளை உளுந்து, 1 ஸ்பூன் வெந்தயம். என் டம்ளர் 200 மில்லி. அரிசி நாலு மணி நேரம், உளுந்து ஒரு மணி நேரம் ஊறினா போதும். அஞ்சாவது டம்ளர் அரிசி போட்டீங்கன்னா வழிஞ்சு மேடை எல்லாம் மாவாகும், ஒரு தடவை தீபாவளிக்கு ஆள் வராங்கன்னு போட்டுப் பாத்தாச்சு. நாங்க நாலு பேரு, இந்த அளவு எங்களுக்கு நாலு நாள் வருது.

முதல்ல உளுந்து. எடுத்த உடனே தண்ணி கொட்டக் கூடாது. ஃபிரிட்ஜ் தண்ணி ஒரு சொம்புல வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கணும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. 25 நிமிஷத்துல உளுந்து டிரம்முக்குள்ள பொங்கி மேல வரும், சத்தமே மாறிடும், முதல்ல கல்லு கடகடன்னு கேக்கும், அப்புறம் தப் தப்னு ஒரு மெத்து சத்தம். என் பொண்ணு நாலாவது படிக்கிறா, அவ ஒரு டம்ளர்ல தண்ணி வச்சுக்கிட்டு ஸ்டூல் மேல ரெடியா நிப்பா. நான் கிரைண்டரை நிறுத்தி கோலிக்குண்டு அளவு மாவைக் கிள்ளிக் குடுப்பேன், அவ அதைத் தண்ணியில போடுவா. மூழ்கினா "இன்னும் அஞ்சு நிமிஷம்பா"ன்னு கறாரா சொல்லுவா. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு போட்டா அது வெள்ளையா மேல மிதக்கும், டம்ளரை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு தளும்பாம நடந்து போய் ஹால்ல இருக்குற அம்மாகிட்ட காட்டிட்டு வருவா. ஒவ்வொரு சனிக்கிழமையும் காட்டணும். சின்னவனுக்கு நாலு வயசு, அவனும் பின்னாடியே போவான்.

அந்த முக்கால் மணி நேரம் நான் ஃபோனை எடுக்கிறதில்ல. மாவுக் கையில எடுக்கவும் முடியாது. ஸ்கூல்ல யாரு யாரோட பேசல, எந்த டீச்சர் திட்டினாங்க, எல்லாம் அங்கதான் எனக்குத் தெரிய வரும். சாதாரண நாள்ல "ஸ்கூல் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "நல்லாருந்துச்சு"ன்னு ஒத்த வார்த்தையோட போயிடுவா, இங்க நான் ஒண்ணும் கேக்காமலே தானா வருது.

உளுந்தை வழிச்சுட்டு அரிசி. 20 நிமிஷம், விரலால எடுத்துத் தேய்ச்சா ரவை மாதிரி லேசா நெருடணும், அதுக்கு மேல ஆட்டினா இட்லி பசை மாதிரி ஆயிடும். ரெண்டையும் பெரிய பாத்திரத்துல ஊத்தி, கல்லுப்பு போட்டு கையாலதான் கலக்குறேன். கைச்சூடு பட்டாத்தான் புளிக்கும்னு எங்க அத்தை சொல்லுவாங்க, நிஜத்துல புளிக்க வைக்கிற நுண்ணுயிர் உளுந்துலயும் அரிசியிலயும் ஏற்கனவே இருக்கு, ஆனா கையால கலக்கும்போது அடியில தங்குற அரிசி மாவு உளுந்தோட நல்லா சேருது, அதனால அவங்க சொன்ன முறையை நான் விடல. திருச்சி சித்திரை வெயில்ல 6 மணி நேரத்துல பொங்கிடும், பாதி பாத்திரம் காலியா விடுங்க. மார்கழியில 12 மணி நேரம் ஆனாலும் ஆகும்.

போன பொங்கலுக்கு அத்தை வந்திருந்தாங்க. பாத்திரத்தைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து மேலேருந்து விட்டுப் பாத்துட்டு "மாப்பிள்ளை, உளுந்து நல்லா கண்டிருக்கு"ன்னாங்க. எனக்கு அன்னிக்கு ஆபீஸ்ல பிரமோஷன் வந்த மாதிரி சந்தோஷமா இருந்துச்சு. மனைவி கதவோரமா நின்னு சிரிச்சாங்க.

சரி, குறைகளுக்கு வரேன். பேரு சொல்லல, ஏன்னா நான் விசாரிச்ச வரைக்கும் இந்த சைஸ்ல எந்த கம்பெனி வாங்கினவங்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்றாங்க.

பெல்ட். மோட்டார்லேருந்து டிரம்முக்கு ஒரு ரப்பர் பெல்ட் போகுது, ரெண்டாவது வருஷம் முடியுறப்போ என்னோடது தேய்ஞ்சு வழுக்க ஆரம்பிச்சுது. மோட்டார் சத்தம் கேக்கும், டிரம் சுத்தாது, ரப்பர் கருகுற வாசனை வரும். அது தெரியாம மறுபடி மறுபடி ஆன் பண்ணிட்டேன், அமாவாசைக்கு வடைக்கு உளுந்து பாதி ஆட்டின நிலையில பெல்ட் அறுந்துடுச்சு. சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் பண்ணினா இன்னிக்கு வரோம் நாளைக்கு வரோம்னு பதினோரு நாள் ஓட்டினாங்க, வாரண்டி இருந்தும். கடைசியில தெரு முனையில மிக்ஸி ரிப்பேர் பண்றவர் பெல்ட் மாத்திக் குடுத்தார், 250 ரூபா, இருபது நிமிஷ வேலை. அவர் பக்கத்துல நின்னு பாத்து நானும் கத்துக்கிட்டேன்.

ரெண்டாவது, கழுவுறது. குழவியைக் கழட்டுறது சுலபம், கனம் கம்மி, மனைவியும் வலி இல்லாம இடது கையால எடுக்குறாங்க, நாங்க வாங்கினதே அதுக்குத்தான். ஆனா டிரம் நடுவுல இருக்குற கம்பியைச் சுத்தி மாவு உக்காந்துக்கும். ஆட்டின உடனே கழுவலைன்னா மறுநாள் கெட்ட வாடை வரும். பழைய டூத் பிரஷ் ஒண்ணு அதுக்குன்னே வச்சிருக்கேன். கழுவின டிரம்மைக் கவுத்துக் காய வச்சுட்டுத்தான் மூடணும். மெஷின் பாடி மேல குழாய்த் தண்ணி விடவே கூடாது, மோட்டார் போயிடும், ஈரத்துணியால துடைச்சா போதும்.

தேங்காய் துருவி, சப்பாத்தி மாவு பிசையுறதுன்னு ரெண்டு அட்டாச்மென்ட் குடுத்தாங்க. தேங்காய் துருவி பரவாயில்ல. சப்பாத்தி மாவு கையில பிசையுறதே மேல், அதுக்காக காசு கூடக் குடுத்து வாங்காதீங்க.

கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். 150 வாட்ஸ் மோட்டார், ஒரு மணி நேரம் முழுசா ஓடினாலும் 0.15 யூனிட்தான். சத்தம் பழைய டில்டிங்கை விட எவ்வளவோ கம்மி, கீழ் வீட்டுல இருந்து இதுவரைக்கும் யாரும் வந்து சொல்லல.

பிள்ளைங்க வீட்டுல இருந்தா ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். டிரம் மெதுவாத்தானே சுத்துதுன்னு விட்டுடாதீங்க, குழவிக்கு நடுவுல விரல் போனா அவ்வளவுதான். சின்னவன் ஒரு தடவை ஸ்பூனை உள்ள விட்டுட்டான், ஸ்பூன் வளைஞ்சு வந்துச்சு, நான் நடுங்கிப் போயிட்டேன். இப்போ ஸ்விட்சை ஆஃப் பண்ணி, டிரம் நின்னதுக்கு அப்புறம்தான் மாவைத் தொடணும்ங்கிறது எங்க வீட்டுச் சட்டம், எனக்கும் சேர்த்து. பொண்ணு பின்னலை முன்னாடி தொங்க விட்டுக்கிட்டு பக்கத்துல நிக்கக் கூடாது.

வாங்கினப்போ 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மியா குடுத்தேன். வாங்கின உடனே நேரா உளுந்தைப் போட்டுடாதீங்க, ஒரு பிடி பழைய அரிசியும் தண்ணியும் விட்டு பத்து நிமிஷம் ஓட்டிக் கீழ கொட்டுங்க, தண்ணி வெள்ளையா வர வரைக்கும் ரெண்டு மூணு தடவை, கல்லு தூள் எல்லாம் போகணும். நாலஞ்சு பேரு இருக்குற வீட்டுக்கு 2 லிட்டர் சரியான சைஸ். கூட்டுக் குடும்பம், அடிக்கடி ஆள் வந்து போற வீடுன்னா இது பத்தாது, டில்டிங்குக்கே போங்க. எங்க அம்மா ஊர்ல 2011 திட்டத்துல கவர்மெண்ட் குடுத்த கிரைண்டர்லதான் இன்னிக்கும் ஆட்டுறாங்க, மாத்தித் தரேன்னு நான் எத்தனை தடவை சொல்லியும் வேண்டாம்னுட்டாங்க.

கடையிலேருந்து கிளம்புறதுக்கு முன்னாடி அதே மாடலுக்கு ஒரு பெல்ட்டும் ஒரு வைப்பரும் கேட்டு வாங்கிடுங்க. வைப்பர் எனக்கு வருஷத்துக்கு ஒண்ணு தேயுது.