கொக்குவிலில் சில நாள் பராமரிப்பு: அம்மாவை விட்டுப் பார்த்த அனுபவம்

பாரிசவாதம் வந்த அம்மாவை வீட்டில வைச்சுப் பாக்கிறன். வலப்பக்கம் இயக்கமில்லை, கதையும் தெளிவில்லை. தம்பிமார் கனடாவில, மாதம் தவறாமல் காசு அனுப்புவினம். ஆனா படுக்கைப்புண் வராமல் இரவிரவா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க என்னை விட்டால் வீட்டில ஆளில்லை. நாரி நோ தாங்கேலாமல் போகத்தான் இப்பிடி ஒரு இடம் தேடினன்.

முதியோர் இல்லம் எண்டால் எங்கட சனத்துக்கு நிரந்தரமாச் சேர்க்கிற இடம்தான். கேட்டால் உடன கைதடி முதியோர் இல்லத்தைச் சொல்லுவினம். ஒரு கிழமை, பத்து நாள் பாத்துத் திருப்பித் தாற இடம் கிடைக்கிறது கஷ்டம். இது யாழ்ப்பாணம் கொக்குவிலில ஒரு பழைய கல்வீட்டைத் திருத்தி நடத்துற இடம், கொஞ்சப் பேரைத்தான் எடுப்பினம்.

சேர்க்க முதல் பொறுப்பான அக்கா வீட்டுக்கு வந்து அம்மாவைப் பாத்தவ. முதல் கேள்வியே, "வாயின்ர எந்தப் பக்கத்தால சாப்பாடு குடுக்கிறனீங்கள்?" அதுக்கு முதல் ஒருத்தரும் என்னட்ட அதைக் கேட்டதில்லை. அம்மா மாதிரி ஆக்களுக்கு இயங்குற பக்கத்தாலதான் தீத்தோணும், இல்லாட்டி உணவு மற்றக் கன்னத்துக்குள்ள தங்கிப் புரைக்கேறும். அங்க இடியப்பத்தைச் சொதியில நல்லா ஊறவிட்டு, அம்மாவை நிமிர்த்தி இருத்தி, இடப்பக்கத்தால சின்னக் கரண்டியில குடுத்தவை. முடிஞ்சதும் வலக்கன்னத்துக்குள்ள துணி சுத்தின விரலை விட்டுப் பாத்தவை. பிறகும் அரை மணித்தியாலம் படுக்க விடேல்லை.

முந்தி ஒரு முகவர் நிலையத்தால வீட்டுக்கு வந்த பிள்ளை, இயங்காத கையைப் பிடிச்சு இழுத்துத்தான் அம்மாவை எழுப்பினவ. தோள்மூட்டு நழுவிப்போற வேலை அது. பயிற்சி குடுக்காமல் அனுப்பினவையில எனக்கு இப்பவும் கோவம். இங்க ரெண்டு பேராச் சேர்ந்து, இடுப்பில பட்டி கட்டித்தான் தூக்கினவை.

ஒரு நாளைக்கு 4,000 ரூபா, சாப்பாட்டோட. பம்பஸும் மருந்தும் நாங்கள் குடுக்கோணும். எல்லாருக்கும் ஏலுற காசில்லை, பிரதேச செயலகங்கள் இதுக்கு உதவி செய்தால் எத்தினை பெம்பிளையள் மூச்சு விடுவினம்!

குறையும் இருக்கு. குளியலறை வாசலில உயரமான படி, சக்கர நாற்காலியைத் தூக்கித்தான் ஏத்தோணும். பின்னேரத்தில போன் எடுத்தால் கனநேரம் எடுக்கமாட்டினம். ரெண்டையும் அவையிட்டயே சொன்னனான், படிக்குச் சரிவுப் பலகை போடுறம் எண்டவை.

"தாயைக் கொண்டுபோய் விட்டிட்டாள்" எண்டு அயலில கதைச்சவையும் உண்டு. நான் அந்த நாட்களில நித்திரை கொண்டனான், நாரிக்குப் பயிற்சி செய்தனான். அம்மா திரும்பி வரேக்க முதுகிலயோ குதிக்காலிலயோ ஒரு சிவப்புக்கூட இல்லை. அவவைத் தூக்க எனக்கும் திரும்பத் தெம்பு இருந்தது.

நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளுக்குள்ள போறதெண்டால் முன்கூட்டியே சொல்லி வையுங்கோ, அப்ப இடம் கிடைக்காது. பழகின தலகாணியும் மருந்துக் கொப்பியும் கட்டாயம் குடுத்துவிடுங்கோ. முதல் நாள் இரவுச் சாப்பாடு மட்டும் கூட இருந்தால், நீங்கள் எப்பிடித் தீத்திறனீங்கள் எண்டதை அவை பாத்துப் பிடிச்சிடுவினம்.