நர்ஸ் டியூட்டி: 12 மணி நேரமா, 8 மணி நேரமா?

அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ்களுக்கு 12 மணி நேர ஷிப்ட்தான் அதிகம். காலை 7 முதல் இரவு 7 வரை, வாரத்துக்கு மூன்றே நாள், மொத்தம் 36 மணி நேரம். மீதி நான்கு நாளும் கையில் இருப்பதுதான் பெரிய ஈர்ப்பு. ஆனால் அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைத்து, விட்டுப்போன குறிப்புகளை எழுதி முடித்துக் கிளம்ப இன்னும் நேரமாகிவிடும். 12 மணி நேரத்தைத் தாண்டினால் தவறுகள் கூடுவதை 2004-இல் அங்கே வந்த ஓர் ஆய்வு காட்டியது. கடைசி ஒரு மணி நேரத்தில் இன்சுலின் அளவைச் சரிபார்க்கும் கண்களை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

8 மணி நேரம் என்றால் வாரம் ஐந்து நாள். உடம்பு தாங்கும். ஆனால் நோயாளி ஒரே நாளில் மூன்று கை மாறுவார், தகவல் விட்டுப்போக வாய்ப்பும் அதிகம். அப்படியும், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பேன்.