எடை போட்டுப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்: கேம்பர் டிரெயிலர் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும், உள்ளே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள சிறிய கேம்பர் டிரெயிலர் ஒன்றைச் சென்ற அக்டோபரில் 4,20,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மனைவியும் ஒன்பது வயது மகளும் உடனிருக்க, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்த வண்டி எங்கள் பொலேரோவையே பக்கவாட்டில் இழுத்துத் தள்ளப் பார்த்தது. அன்று இரவே அதனுள் சமையல் எரிவாயு கசிந்தது. காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் அது நின்ற இரண்டு நாட்களிலேயே நான்கு பேர் எங்கே செய்தீர்கள், எவ்வளவு ஆயிற்று என்று ஆசையோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் தெரியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டிரெயிலரைச் செய்தது ஓசூர்ப் பக்கத்தில் உள்ள ஒரு பட்டறை. விளம்பரத்தைப் பார்த்து நேரில் சென்றபோது உரிமையாளர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். வண்டியின் எடை 550 கிலோதான், அதனால் தனியாக பிரேக் தேவையில்லை என்றார். டயர்கள் புதியவை என்றார். பதிவு செய்யவேண்டுமா என்று நான் கேட்டதற்கு, எஞ்சின் இல்லாத வண்டிக்குப் பதிவு கிடையாது, உங்கள் கார் எண்ணைப் பின்னால் ஒட்டினால் போதும் என்றார். இரண்டு பேர் படுக்கும் மெத்தை, சிறிய தொட்டியுடன் கூடிய சமையல் மேடை, 70 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 5 கிலோ சிலிண்டர் வைக்கும் பெட்டி, ஒரு பேட்டரி என்று பேசி, 1,50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் சொன்ன எதையும் தாளில் எழுதி வாங்கவில்லை. இன்றுவரை என்னைத் தொந்தரவு செய்துவரும் தவறு அதுதான்.

வண்டியைக் காலையில் கொண்டுவருவதாகச் சொன்னவர்கள், ஒரு வியாழக்கிழமை மாலை இருட்டிய பிறகு, தூறல் விழுந்துகொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார்கள். உடனே திரும்பவேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். மீதி 2,70,000 ரூபாய் கணக்கில் ஏறினால்தான் கொக்கியைக் கழற்றுவோம் என்றார்கள். விளக்குகள் எரிவதைக் காட்டி, குழாயில் தண்ணீர் வருவதைக் காட்ட எங்கள் வீட்டுத் தொட்டியிலிருந்தே 70 லிட்டரையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் பார்த்திருந்தாலே பாதிக் குறைகள் கண்ணில் பட்டிருக்கும். இருட்டிய நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து பணத்துக்கு நெருக்குபவரிடம், மறுநாள் காலை வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு வாங்குபவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

சனிக்கிழமை மதியம் புறப்பட்டோம். முதல் இரவை ஏலகிரியில் கழித்துவிட்டு, மறுநாள் ஆலங்காயம் வழியாகக் காவலூர் சென்று, வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் மலையை மகளுக்குக் காட்டவேண்டும் என்பது திட்டம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி 70 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது, ஒரு கண்டெய்னர் லாரி எங்களைக் கடந்தது. அது தள்ளிய காற்றில் டிரெயிலரின் பின்பக்கம் இடது வலதாக ஆடத் தொடங்கியது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, காரின் பின்சக்கரங்கள் பக்கவாட்டில் நழுவுவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. இத்தகைய நேரத்தில் பிரேக்கை அழுத்தினாலோ ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டினாலோ டிரெயிலர் காரை மடித்துவிடும் என்று எங்கோ படித்திருந்தது நினைவுக்கு வந்தது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். வேகம் நாற்பதுக்குக் கீழே இறங்கிய பிறகே ஆட்டம் அடங்கியது. பின் இருக்கையில் இருந்த மகள் வீடு திரும்பும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மாதனூர் அருகே சாலையோரம் இருந்த பஞ்சர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரரான பெரியவர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, வலது சக்கரத்தின் நடுவில் கையை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். ஹப் தொட முடியாத அளவுக்குச் சூடேறியிருந்தது. மூடியைத் தட்டிக் கழற்றியபோது பேரிங்கில் கிரீஸ் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. காய்ந்த பழுப்பு நிறப் பிசுக்கு மட்டும் ஒட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் பேரிங் இறுகிச் சக்கரமே கழன்றிருக்கும் என்றார். நட்டுகளில் மூன்று தளர்ந்திருந்தன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைக் காட்டி, “இதப் படிங்க சார்” என்றார். 1416 என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதாவது, புதியது என்று எங்களுக்கு விற்கப்பட்ட டயர் 2016ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. “மொதல்ல பின்னாடி இருக்குற தண்ணிய எறக்குங்க பாய், மலைக்கெல்லாம் இத இழுத்துட்டுப் போவாதீங்க” என்று அவர் சொன்ன பிறகுதான், தண்ணீர்த் தொட்டி சக்கர அச்சுக்குப் பின்னால், வண்டியின் வால்பக்கத்தில் பொருத்தப்பட்டிருப்பதையே நான் கவனித்தேன். கிரீஸ் வைத்து நட்டுகளை இறுக்கியதற்கு அவர் வாங்கிய கூலி 300 ரூபாய்.

ஏலகிரிக்குப் போகவில்லை. பொன்னேரியிலிருந்து மேலே ஏற, புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறியிருந்தால், தனி பிரேக் இல்லாத அந்த எடை முழுவதையும் இறங்கும்போது காரின் பிரேக் மட்டுமே தாங்கியிருக்கவேண்டும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு, ஆம்பூருக்கு வெளியே என் மச்சானின் தென்னந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். “மாப்ள, வீட்ல படுங்க” என்று அவர் வற்புறுத்தியும், மகளின் முகத்தைப் பார்த்து, ஒரு இரவாவது அதில் தங்கலாம் என்று நானே முடிவு செய்தேன்.

பதினொரு மணிக்குப் பேட்டரி தீர்ந்து விளக்கும் விசிறியும் நின்றன. பிறகு பெய்த மழையில் கூரைச் சன்னலின் ஓரத்திலிருந்து மெத்தையின் மீது தண்ணீர் சொட்டியது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மணி அளவில் மனைவி என்னை உலுக்கி, “என்னங்க, கேஸ் வாசன வருது” என்றாள். மகளைத் தூக்கிக்கொண்டு மூவரும் மழையில் வெளியே ஓடினோம். எந்த சுவிட்சையும் தொடவில்லை. காலையில் பார்த்தபோது சிலிண்டர் பெட்டியின் மேல்பகுதியில் மட்டுமே காற்றுத் துளைகள் இருந்தன. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். ஆகவே பெட்டியின் அடித்தளத்தில் வெளிப்பக்கம் திறக்கும் துளை இருக்கவேண்டும், வண்டியின் உட்புறத்தோடு அந்தப் பெட்டிக்குத் தொடர்பே இருக்கக்கூடாது. எங்கள் வண்டியிலோ குழாய் உள்ளே நுழையும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தார்கள். குழாயின் கிளிப்பும் இறுக்கப்படவில்லை. நாங்கள் படுத்திருந்த தரைமட்ட மெத்தையை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் நடுங்குகிறது.

திங்கட்கிழமை மெதுவாக ஓட்டிச் சென்று, ஆம்பூரில் ஓர் எடை மேடையில் டிரெயிலரைத் தனியாகக் கழற்றி ஏற்றினோம். தண்ணீர் இல்லாமல் 770 கிலோ. 70 லிட்டர் நிரப்பினால் 840. பட்டறைக்காரர் சொன்ன 550க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் நாட்டின் வகைப்பிரிப்பில் டிரெயிலர்களின் மிகச் சிறிய வகைக்கு மொத்த எடை வரம்பே 0.75 டன், அதாவது 750 கிலோதான். ஐரோப்பிய நாடுகளில் அந்த 750 கிலோவைத் தாண்டினால் டிரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

மொத்த எடையைவிட முக்கியமான ஓர் எடை இருக்கிறது. டிரெயிலரின் மூக்கு காரின் கொக்கிமீது எவ்வளவு அழுத்துகிறது என்பதே அது. இழுத்துச் செல்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மீது இறங்கவேண்டும் என்பது. அது குறைந்தால், அச்சுக்குப் பின்னால் கனம் அதிகமாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள், வண்டி வாலாட்டத் தொடங்கும். இதை அளக்கப் பட்டறையோ பெரிய கருவியோ வேண்டாம். வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசைச் சமதரையில் வைத்து, அதன்மேல் கார்க் கொக்கியின் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெயிலரின் மூக்கை அதன்மேல் இறக்கினால் போதும். எங்கள் வண்டியில் தண்ணீர் இல்லாதபோது 38 கிலோ காட்டியது. தொட்டியை நிரப்பியதும் 10 கிலோவாகக் குறைந்தது. குறைந்தது 84 கிலோ இருக்கவேண்டிய இடம் அது. நெடுஞ்சாலையில் நடந்தது எதனால் என்பது அந்தத் தராசின் முள்ளைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. வாங்குவதற்கு முன்பே, தண்ணீர் நிரப்பியும் காலியாகவும் இரண்டு முறை இதை அளந்துகாட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சென்றேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இழுக்கப்படும் டிரெயிலருக்கும் பதிவு தேவை, காப்பீடும் தேவை. பதிவுக்கு விற்பனைச் சான்றான படிவம் 21, சாலையில் ஓடத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் படிவம் 22, வடிவமைப்புக்கு ஒப்புதல் வழங்கப்பட்ட உத்தரவின் நகல் ஆகியவை வேண்டும். எங்களிடம் இருந்தது சேஸிஸ் எண்கூட இல்லாத ஒரு ரசீது மட்டுமே. அதிலும் “இரும்பு வேலை” என்றுதான் எழுதியிருந்தார்கள்.

பட்டறைக்காரரிடம் பேசியபோது, நீங்கள் அதிகச் சுமை ஏற்றியிருப்பீர்கள் என்றார். எடைச் சீட்டின் படத்தை அனுப்பிய பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்தேன். பதில் வராததால் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். விற்றவர் ஓசூரில் இருப்பதால் அங்கேதான் போகவேண்டும் என்று பலர் பயமுறுத்தினார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிடவேண்டும். வங்கிப் பரிமாற்ற விவரம், விளம்பரத்தின் படம், எடைச் சீட்டு, டயர் எண்ணின் படம், பஞ்சர் கடைப் பெரியவர் தம் கைப்பட எழுதித் தந்த குறிப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

டிரெயிலர் இப்போதும் மச்சானின் தோப்பில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. சிலிண்டரை மட்டும் கழற்றி அப்புறப்படுத்திவிட்டு, ஆணையம் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொன்னால் உள்ளபடியே காட்டவேண்டும் என்பதற்காக, தொட்டியையும் டயர்களையும் சிலிண்டர் பெட்டியையும் நாங்கள் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.