மண்புழு வாங்கும் முன் சாக்கைக் கொட்டிப் பாருங்கள்

பழச்சாறு பிழியும் சிறிய ஆலை வைத்திருக்கிறேன். அன்றாடம் சேரும் சக்கையை மண்புழுவுக்குப் போட்டு உரமாக்குவது நல்ல யோசனைதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. நான் ஏமாந்தது புழு விற்றவரிடம்.

10 கிலோ புழு, அத்தனையும் உரத்துக்கென்றே வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெட்டிடா என்றார். சக்கையை முன்கூட்டி மட்கவைக்க வேண்டாம், பிழிந்த கையோடு தொட்டியில் கொட்டலாம் என்றார். 45 நாளில் உரம் தயாராகும், அதையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இந்தக் கடைசிப் பேச்சில்தான் விழுந்தேன், மறைப்பானேன்.

ஐந்து சாக்குகள் வந்தன. நான்கைத் தொட்டியில் கொட்டி, மேலே ஒரு முழ உயரத்துக்குச் சக்கையைப் போட்டு மூடினேன். மூன்றாம் நாள் காலையில் மூடியைத் தூக்கியபோது அதன் அடிப்பக்கம் முழுக்கப் புழு அப்பிக்கிடந்தது. சுவரேறித் தப்பியவை தரையில் நூல்போல் காய்ந்துகிடந்தன. காடியின் நெடி மூக்கைத் துளைத்தது. நடுவில் வெப்பமானியைச் செருகினால் 46 டிகிரி. 35 தாண்டினாலே இந்தப் புழுக்கள் தாங்காது. அமிலத்தாள் 4க்கும் கீழே, அதாவது கடும் புளிப்பு என்று காட்டியது. கிளறியதில் கிடைத்த சில புழுக்களின் உடல், இடையிடையே வீங்கி, மணி கோத்ததுபோல் இருந்தது. புளித்த தீனி வயிற்றில் நொதித்தால் அப்படித்தான் ஆகுமாம். இது எனக்குப் பிறகு தெரிந்தது. விற்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

தொலைபேசியில் கேட்டதற்கு, “தண்ணீர் போதவில்லை, நன்றாகத் தெளியுங்கள்” என்றார். தொட்டியின் அடியில் ஏற்கெனவே சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. அடுத்த முறை அவர் எடுக்கவில்லை.

பிரிக்காமல் நிழலில் கிடந்த ஐந்தாவது சாக்கை அப்போதுதான் எடை போட்டேன். 2 கிலோ சரியாக இருந்தது. வெளிச்சத்தில் குவித்துவைத்தால் புழுக்கள் அடியில் இறங்கிவிடும். மேலே இருப்பதை வழித்து வழித்து எடுத்தால் கடைசியில் புழு மட்டும் பந்தாகச் சுருண்டு மிஞ்சும். மிஞ்சியது 700 கிராம்கூட இல்லை. மற்றதெல்லாம் புழுவுக்குப் படுக்கையாகப் போட்ட ஈரச் சாணம். ரசீதை எடுத்துப் படித்தால், ‘மண்புழு, படுக்கையுடன்’ என்று எழுதியிருக்கிறது. வகையின் பெயரும் இல்லை, உரத்தைத் திரும்ப வாங்கும் பேச்சும் இல்லை.

அந்த 700 கிராமிலும் பெரும்பாலானவை வெளிறிய சாம்பல் நிறப் புழுக்கள். மண்ணைத் தின்று மண்ணுக்குள் வாழும் வகை அது. சக்கைத் தொட்டியில் அதற்கு வேலையே இல்லை. ஐசீனியா செம்பழுப்பு நிறம், உடல் நெடுக மஞ்சள் வரிகள் தெரியும். அப்படிப்பட்டவை ஒரு பிடி தேறின.

இப்போது சக்கையோடு உலர்ந்த இலையும் கிழித்த காகிதமும் சாணமும் கலந்து, அடிக்கடி புரட்டி, சூடு அடங்கும்வரை இரண்டு மூன்று வாரம் மட்கவைக்கிறேன். பிறகும் உடனே கொட்டுவதில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, பத்துப் புழுக்களை விட்டு, மறுநாள் அவை உள்ளேயே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குப் போடுகிறேன். நேற்று அந்த ஒரு பிடிப் புழுக்களின் தொட்டியைக் கிளறினேன். எலுமிச்சை வடிவில், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, ஏழெட்டு முட்டைக்கூடுகள் கண்ணில் பட்டன.