ஆளுக்கு அல்ல, குழுவுக்கு அனுமதி: சாம்பா பற்றி ஒரு மதிப்பீடு

கணக்குப் பிரிவிலிருந்து கொள்முதல் பிரிவுக்கு மாறிச் சென்ற ஒருவரால், மாறிப் பல மாதங்கள் ஆன பின்பும் சம்பளப் பட்டியலைத் திறக்க முடிந்தது என்பதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். அவருடைய பெயர் ஒவ்வொரு பகிர்வுக் கோப்புறையிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. எங்கெங்கே எழுதப்பட்டது என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. அன்றிலிருந்து அனுமதியைக் குழுவின் பெயருக்கு மட்டுமே தருவது என்று முடிவு செய்து, அந்தப் பொறுப்பைச் சாம்பாவிடம் ஒப்படைத்தேன்.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-இன் இறுதியில் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையை லினக்ஸ் சர்வரும் பேசும்படி செய்கிறது. குழுக்களை அந்தச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம்; நிறுவனத்தின் பயனர்களையும் குழுக்களையும் ஓரிடத்தில் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால், சாம்பாவின் இணைப்புப் பகுதியான வின்பைண்ட் வழியாக அங்குள்ள குழுக்களையும் பயன்படுத்தலாம்.

அமைக்கும் முறை மிக எளிமையானது. சாம்பாவின் அமைப்புக் கோப்பில், பகிர்வு எனப்படும் பகிரப்பட்ட கோப்புறையின் வரையறையில் 'வேலிட் யூசர்ஸ்' என்ற வரியில் @ குறியுடன் குழுவின் பெயரை எழுதினால், அக்குழுவைச் சேர்ந்தவர்கள் மட்டுமே உள்ளே வர முடியும். பகிர்வு இயல்பாகவே படிக்க மட்டும் உரியது என்பதால், 'ரைட் லிஸ்ட்' வரியில் சிறிய குழு ஒன்றைக் குறிப்பிட்டால் போதும்: பிரிவு முழுவதும் படிக்கும், அந்தச் சிலர் மட்டும் எழுதுவார்கள். இப்போது ஒருவர் பிரிவு மாறினால், ஒரு குழுவிலிருந்து நீக்கி இன்னொன்றில் சேர்ப்பதோடு வேலை முடிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே சாம்பாவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் புதிதாக அமைப்பவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. என்னுடைய நேரத்தையும் மிகுதியாக எடுத்துக்கொண்டது அதுதான். ஒரு கோப்பைத் தொடுவதற்கு இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். முதலாவது பகிர்வின் வரையறை. இரண்டாவது, அதற்கு அடியில் லினக்ஸ் வைத்திருக்கும் கோப்பு உரிமைகள். இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே செல்லும். புதிய கோப்புக்கு அதிகபட்சம் எந்த உரிமைகள் கிடைக்கலாம் என்று வரம்பிடும் 'கிரியேட் மாஸ்க்' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0744 (உரிமையாளருக்கு எல்லா உரிமையும், குழுவுக்கும் பிறருக்கும் படிக்க மட்டும்) என்பதால், லினக்ஸின் எளிய உரிமைகளை மட்டும் நம்பும் சர்வரில், ஒருவர் உருவாக்கிய கோப்பை அதே குழுவின் இன்னொருவர் படிக்கலாமே தவிரத் திருத்த முடியாது. பகிர்வில் எழுதும் உரிமை தெளிவாகத் தரப்பட்டிருக்கும்போதும் இது நிகழ்வதால், பிழை எங்கே என்று தேடுபவர் தவறான வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். கோப்புறையின் குழுவை மாற்றி, அதற்கு 2770 (உரிமையாளருக்கும் குழுவுக்கும் எல்லா உரிமையும், பிறருக்கு எதுவுமில்லை) என்று உரிமை தந்து, கிரியேட் மாஸ்கை 0660 (உரிமையாளரும் குழுவும் படிக்கலாம், எழுதலாம்) ஆக்கிய பிறகே எனக்குத் தீர்வு கிடைத்தது. 2770-இல் உள்ள முதல் இலக்கம் முக்கியமானது. புதிய கோப்புகள் உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போகாமல் கோப்புறையின் குழுவுக்கே வருவது அதனால்தான்.

குழுவிலிருந்து நீக்கியவுடன் கதவு மூடிவிடும் என்று எண்ணுவதும் தவறு. ஒருவர் எந்தெந்தக் குழுக்களைச் சேர்ந்தவர் என்பது அவர் உள்நுழையும் கணத்தில் கணக்கிடப்படுகிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பழைய உரிமையுடனேயே தொடரும். அவசரமாக ஒருவரைத் தடுக்க வேண்டுமானால், திறந்திருக்கும் இணைப்புகளைப் பட்டியலிடும் 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' கட்டளையால் அவருடைய இணைப்பைக் கண்டறிந்து, அதைத் துண்டித்துவிட வேண்டும்.

என் உண்மையான குறை வேறொன்று. 'இன்வேலிட் யூசர்ஸ்' என்ற தடைப் பட்டியலில் குழுவின் பெயரை ஓர் எழுத்து பிழையாக எழுதினால், அப்படியொரு குழு இல்லை என்பதால் அந்தப் பெயர் புறக்கணிக்கப்படும். தடுக்கப்பட வேண்டியவர்கள் தடையின்றி உள்ளே வருவார்கள். 4.21 பதிப்பில் இந்தப் பட்டியல்களை இறுக்கினார்கள்: ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியாமல் ஒரு பெயரைச் சரிபார்க்க இயலாது போனால், இப்போது இணைப்பே மறுக்கப்படுகிறது. இது வரவேற்கத்தக்க மாற்றம். எனினும், இல்லாத பெயரைப் புறக்கணிக்கும் வழக்கம் அப்படியே இருக்கிறது. அனுமதிப் பட்டியலில் இதே பிழை நேர்ந்தால் உரியவர் வெளியே நிற்பார், உடனே நமக்குச் சொல்வார். தடைப் பட்டியலில் நேர்ந்தால் யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே நான் தடைப் பட்டியலையே பயன்படுத்துவதில்லை.

'டெஸ்ட்பார்ம்' என்ற சோதனைக் கட்டளை, அறியாத அமைப்புப் பெயர்களைச் சுட்டிக்காட்டும். ஆனால் இன்னார் இந்தக் கோப்புறையில் எழுத முடியுமா என்ற கேள்விக்கு விடை தராது. விண்டோஸில் ஒரு பயனரின் நடைமுறை உரிமைகளைக் காட்டும் பக்கம் ஒன்று இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சோதனைப் பயனரை உருவாக்கி வைத்திருக்கிறேன். அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரில் உள்நுழைந்து, திறக்க வேண்டியது திறக்கிறதா என்பதோடு, திறக்கக் கூடாதது மறுக்கப்படுகிறதா என்பதையும் பார்த்துவிட்டே எழுந்திருக்கிறேன்.