குளியலறைப் பொம்மைக்குப் பருத்தி நூலா, அக்ரிலிக் நூலா?

போன ஐப்பசியில் எங்கள் குளியலறை ஜன்னல் மேடையிலிருந்து ஒரு தவளையை எடுத்துக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. நிஜத் தவளை இல்லை. நானே குரோஷேயில் பின்னி, கண் வைத்து, வாய் தைத்து உட்காரவைத்த அமிகுருமித் தவளை, அதாவது நூலில் பின்னிப் பஞ்சு திணித்த பொம்மை. நல்ல பருத்தி நூல், இலைப்பச்சை நிறம். தூக்கியபோது கைக்குக் கனமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் காரணம் தெரிந்துவிட்டது. நாலு நாள் வாளியிலேயே மறந்துபோன துணி அடிக்குமே, அந்த வாடை.

போடுவதற்கு முன்னால் கத்தரியால் வயிற்றைத் திறந்து பார்த்தேன். வெளியே ஒரு குறையும் தெரியாத பொம்மைதான். உள்ளே, நூலின் பின்பக்கம் முழுக்க மிளகைப் பொடித்துத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். பழைய தலையணையிலிருந்து எடுத்துத் திணித்திருந்த இலவம்பஞ்சு, பிசைந்த சோற்று உருண்டையாக ஒரு மூலையில் ஒட்டிக் கிடந்தது. கால் மடங்கி நிற்பதற்காக வைத்த கம்பியைச் சுற்றித் துருக்கறை.

அதற்கப்புறம் அதே தவளையை அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் பின்னி அதே இடத்தில் வைத்தேன். ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த இரண்டு தவளைகளும் இவற்றோடு கூடப் பிறந்த ஐந்தாறு பொம்மைகளும்தான் இந்த அலசலுக்கு ஆதாரம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குளியலறை விஷயத்தில் நான் அக்ரிலிக் கட்சி. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே வளர்ந்தவள் இப்படி எழுதுவது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அமிகுருமி ஜப்பானியப் பெயர். 'அமி' என்றால் பின்னல், 'நுயிகுருமி' என்றால் பஞ்சு திணித்த பொம்மை. இணையத்தில் கிடைக்கும் குளியலறைப் பொம்மைகளுக்கான பின்னல் மாதிரிகளில் பாதிக்கு மேல் கழிவறைத் தாள் உருளைக்குத் தொப்பி போடும் பொம்மைகள், இல்லாவிட்டால் குளியல் தொட்டி விளிம்பில் வரிசையாக உட்காரும் வாத்துகள். அந்த மாதிரிகளை எழுதும் மேல்நாட்டுக்காரர்களின் குளியலறையில் தண்ணீர் தொட்டிக்குள்ளேயே நின்றுவிடும், மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும். நம் வீட்டில் அப்படியா? என் குளியலறை ஆறடிக்கு நாலடி. வாளியும் குவளையும் வைத்து ஒருத்தர் குளித்துவிட்டு வந்தால் நாலு சுவரும் நனைந்திருக்கும். கீசர் போட்டால் கண்ணாடியில் முகம் தெரியாது. இதற்கு மேல் சென்னைக் காற்றின் ஈரம் வேறு. 'பருத்தி நூலே சிறந்தது' என்று அந்த மாதிரிகளில் எழுதியிருப்பதை நான் அப்படியே நம்பியது என் தப்புதான்.

என் மாமியார் அன்றைக்கே கேட்டார்: "ஏம்மா, குளிக்கிற எடத்துல எதுக்கும்மா கொலு?"

சரி, நூலுக்கு வருவோம். அழகில் பருத்திதான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஒவ்வொரு தையலும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். பருத்தி நூல் இழுபடாது என்பதால் தலை உருண்டையாக நிற்கும், திணித்த பஞ்சு இடைவெளியில் எட்டிப்பார்க்காது. விலையில் அக்ரிலிக். நான் வாங்கும் கடையில் அதே எடைக்குப் பருத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. கைவலியிலும் அக்ரிலிக்தான் மேல், ஏனென்றால் பருத்தியில் இறுக்கிப் பின்னினால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு கேள்வி கேட்கும். இந்த மூன்றும் பின்னுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. குளியலறை என்று வந்துவிட்டால் இவை எதுவும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: நனைந்த பொம்மை உள்ளே எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பது.

கைக்குட்டை நனைந்தால் இரண்டு பக்கமும் காற்று படும். பொம்மை அப்படியில்லை. அமிகுருமியை வேண்டுமென்றே இறுக்கமாகப் பின்னுகிறோம். மேஜிக் ரிங் என்ற தொடக்க வளையத்தில் ஆறு தையல், அடுத்த சுற்று பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நாலு என்று பெருக்கிக்கொண்டே போய், உள்ளே திணித்து, கடைசியில் வாயைத் தைத்து மூடிவிடுகிறோம். காற்று போக வழியில்லாத ஒரு சின்ன மூட்டை. தண்ணீர் மட்டும் எப்படியோ உள்ளே போய்விடும்.

பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும் ரகம். நனையவே வேண்டாம், சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் இழுப்பது 2 சதவீதத்துக்குள். உடுத்துகிற துணிக்கு இந்தக் குணம் வரம், வியர்வையை உறிஞ்சுவது இதனால்தான். பொம்மைக்கோ இதுவே வினை. அக்ரிலிக் பொம்மையும் தண்ணீர் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் அது இழைக்கும் இழைக்கும் நடுவே நிற்கிற தண்ணீர். பிழிந்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

இதை எழுத்தில் படித்ததோடு விடாமல் கார்த்திகையில் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரி, ஒரே 2.5 மி.மீ. ஊசி, இரண்டு ஆக்டோபஸ் தலை, இரண்டிலும் ரெக்ரான் என்ற பாலியெஸ்டர் பஞ்சு. காய்ந்த நிலையில் பருத்தி 38 கிராம், அக்ரிலிக் 27. இரண்டையும் வாளியில் முக்கி, பிழிந்து, துண்டில் சுற்றி அமுக்கி எடுத்தபோது பருத்தி 80ஐத் தாண்டியது, அக்ரிலிக் 45. குளியலறைக்குள்ளேயே தொங்கவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அக்ரிலிக் 28 கிராமுக்கு வந்துவிட்டது. பருத்தி 52. வெளியே தொட்டால் இரண்டும் ஒன்றுபோலக் காய்ந்தே இருந்தன, அதுதான் ஏமாற்று. பருத்தித் தலை பழைய எடைக்கு வர மூன்று நாளுக்கு மேல் ஆனது. அந்த மூன்று நாளில் வீட்டில் நாலு பேர் எத்தனை தடவை குளிப்போம்? அதாவது, அது முழுசாகக் காயும் நாள் வரவே வராது.

ஒரே ஒரு தடவை, அதுவும் மழை மாதத்தில் செய்த சோதனை. சித்திரை வெயிலில் செய்திருந்தால் வித்தியாசம் குறைந்திருக்கும். ஆனால் பொம்மை மழை மாதத்தையும் தாண்டித்தானே ஆக வேண்டும்?

ஈரம் நின்றால் பூஞ்சை வரும். பருத்தி ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள், பூஞ்சைக்கு வீடும் அதுதான், சாப்பாடும் அதுதான். அக்ரிலிக் அதற்குச் சாப்பாடு ஆகாது. அதற்காக அக்ரிலிக்கில் பூஞ்சையே வராது என்று நினைத்துவிட வேண்டாம். மேலே படியும் சோப்புக் கசடு, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி இவை எல்லாமே அதற்கு விருந்து. சோப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தொங்கும் என் திமிங்கிலத்தின் வாலில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் வந்தது. கொஞ்சம் ஷாம்பூ போட்டுக் கசக்கினேன், போய்விட்டது. பருத்தியில் வந்த கரும்புள்ளி அப்படிப் போகாது. கறையாகவே நின்றுவிடும், பிளீச் போட்டால் புள்ளியோடு நிறமும் போகும்.

பருத்திக் கட்சிக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: பருத்தியைக் கொதிக்கவைக்கலாமே என்று. உண்மைதான். நனைந்தால் பருத்தி இழைக்கு வலு கூடும், அந்தக் காலத்தில் சோடா போட்டு வேகவைத்தே வெளுத்தார்கள். ஆனால் பிளாஸ்டிக் கண், பாலியெஸ்டர் பஞ்சு, தைத்து மூடிய வயிறு எல்லாவற்றோடும் ஒரு தவளையை வேகவைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஊர் மாறினால் கதையும் மாறும், அதையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் அம்மா வீட்டுக் குளியலறை கொல்லைப்பக்கம், ஜன்னல் வழியே காலை வெயில் நேராக உள்ளே விழும். அங்கே நான் மாட்டிவிட்டு வந்த பருத்தி மீன் இரண்டு வருஷமாக வாடையில்லாமல் இருக்கிறது. சாயம் மட்டும் ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது. வெயிலுக்கும் அக்ரிலிக் தாங்கும். வெளிநாடுகளில் கடைவாசல் பந்தல் துணிகளை அக்ரிலிக்கில் நெய்வது அதனால்தான்.

இனி அக்ரிலிக்கின் குறைகள். பெரியது, சூடு. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் இழை தளர்ந்து, புடைப்பெல்லாம் போய், வாடிய வெற்றிலை மாதிரி ஆகிவிடும், திரும்ப வராது. கீசர் குழாய்க்கு நேர் கீழே ஒரு ஆக்டோபஸைத் தொங்கவிட்டிருந்தேன். கொதிக்கும் தண்ணீர் பட்டுப் பட்டு இரண்டு கால் மட்டும் நீண்டு தொங்கிவிட்டது. பார்க்கிறவர்களிடம் அது நீந்துகிறது என்று சொல்லிச் சமாளிக்கிறேன். அடுத்தது, இழுபடும் குணம். லேபிளில் போட்டிருக்கும் ஊசி அளவை நம்பிப் பின்னினால் ஓட்டை ஓட்டையாகப் பஞ்சு தெரியும். நான் 8 பிளை என்ற தடிமனுள்ள நூலுக்கு 3 மி.மீ.க்குக் கீழேயே போகிறேன். ஊட்டி பக்கம் கேத்தியில் தயாராகும் போனி ஊசிதான் கையில் இருப்பது, அலுமினியத்தில் அக்ரிலிக் நன்றாகவே வழுக்கிப் போகும். அப்புறம் பிசிறு. துண்டு உரசும் இடத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும், மாதம் ஒரு தடவை கத்தரியால் நறுக்கிவிடுகிறேன். மலிவான அக்ரிலிக்கில் ஒரு பளபளப்பு உண்டு, பிளாஸ்டிக் பூ மாதிரி. வெளிர்நிறம் எடுத்தால் அவ்வளவாகத் தெரியாது.

இன்னொன்று மனசை உறுத்துவது. அக்ரிலிக் துவைக்கும்போது நுண்ணிழைகளை உதிர்க்கும். பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 6 கிலோ அக்ரிலிக் துணியை இயந்திரத்தில் ஒரு தடவை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைத் துணுக்குகள் போகலாம் என்று கணக்கிட்டார்கள். என் பொம்மைகள் எல்லாம் சேர்ந்தே கால் கிலோ தேறாது, மெஷினில் போடுவதும் இல்லை, மாதம் ஒரு முறை குவளைத் தண்ணீரில் அலசுவதோடு சரி. ஆனாலும் சுத்தமான கை என்று சொல்லிக்கொள்ள முடியாது. இது உங்களுக்குப் பெரிய விஷயமென்றால் பருத்தியில் பின்னி, வாரா வாரம் மொட்டை மாடியில் காயவைக்கத் தயாராக இருங்கள். எனக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

வெல்வெட் நூலில் ஒரே ஒரு வாத்து பின்னினேன், அதனால் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. தையல் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஈரமானால் குளித்துவிட்டு வந்த பூனைக்குட்டி மாதிரி ஆகிறது. இழை பாலியெஸ்டர் என்றாலும் அந்த ரோமத்துக்குள் தண்ணீர் நன்றாகவே தங்குகிறது.

எந்த நூலானாலும் உள்ளே வைப்பது முக்கியம். இலவம்பஞ்சின் மேல் இயற்கையாகவே மெழுகு உண்டு, தண்ணீரில் மிதக்கும், உயிர்காப்பு மிதவைகளிலேயே ஒரு காலத்தில் அதைத்தான் அடைத்தார்கள். அதை நம்பித்தான் தவளைக்குள் வைத்தேன். சோப்புத் தண்ணீரை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த மெழுகையும் மீறிச் சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இப்போது ரெக்ரான்தான். ஜன்னல் மேடைத் தவளைக்கு அதுவும் இல்லை. வெங்காயம் வாங்கினால் வருமே அந்த நைலான் வலைப்பை, இரண்டைச் சுருட்டித் திணித்திருக்கிறேன். கொஞ்சம் முண்டும் முடிச்சுமாகத் தெரிகிறது, ஆனால் தண்ணீரே நிற்பதில்லை. கம்பி கூடவே கூடாது. கனத்துக்கு அரிசியோ பயறோ போடச் சொல்லும் மாதிரிகளை நம்பாதீர்கள், வண்டு வரும். கூழாங்கல் போதும். அடியைத் தைத்து மூடாமல் ஒரு கயிறு கோத்துச் சுருக்குப்பை மாதிரி விட்டால் உள்ளே இருப்பதை எடுத்துத் தனியாகக் காயவைக்கலாம். இந்த ஒரு மாற்றத்தோடு பருத்தியிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

அப்படிப் பின்னிய ஒன்று இப்போதும் என் குளியலறையில் இருக்கிறது: பருத்தி மீன், உள்ளே ஒரு பிடி வெட்டிவேர். நனைய நனைய வாசம் வரும் என்பதால் இங்கே பருத்தியின் ஈரப்பசை நமக்குச் சாதகம். வால் பக்கம் சுருக்குக் கயிறு. ஞாயிற்றுக்கிழமை வேரை உதறி எடுத்து ஜன்னலில் போட்டுவிட்டு, மீனைத் துவைத்துக் கொடியில் மாட்டுவேன். பஞ்சே இல்லாததால் வெறும் இரண்டு அடுக்குத் துணிதான், மாலைக்குள் காய்ந்துவிடும்.

இலைப்பச்சைப் பருத்தி நூல் இன்னும் இரண்டு உருண்டை மீதி இருக்கிறது. வரும் நவராத்திரிக்கு ஒரு ஜோடி கிளி பின்னித் தரச் சொல்லியிருக்கிறார் மாமியார். மூன்றாவது படியில் வைக்க வேண்டுமாம். கொலுப்படியில் யாரும் குளிக்கப்போவதில்லை, அதனால் பருத்திதான்.