ஆதண்டங்காய் வத்தல்: காரைக்குடிப் பக்கம் வாங்குவோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பலகாரக் கடைகளில் சுண்டை, மணத்தக்காளி, மிதுக்க வத்தல்களோடு ஆதண்டங்காய் வத்தலும் கிடைக்கிறது. விலை சுண்டையைவிடக் கூடுதல். அதில் நியாயமும் உண்டு. ஆதண்டை தோட்டப் பயிரல்ல. செம்மண் சரளைக் காட்டிலும் வேலியோரத்திலும் கோவில்காட்டிலும் மற்ற மரங்களைப் பற்றி ஏறும் முட்கொடி. இலைக்கு இரண்டாக, கொக்கிபோல் பின்னோக்கி வளைந்த முள். கையை உள்ளே விட்டால் எளிதில் எடுக்க முடியாது. பறிப்பதில் உள்ள இந்தச் சிரமம் விலையிலும் தெரியும்.

விலை கொடுத்தாலும் சரக்கு ஒரே தரமாக இல்லை. கடைகளில் வருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, காயை இரண்டாகப் பிளந்து மோரில் ஊறப்போட்டுக் காயவைத்தது. மற்றது, முழுக்காயை உப்புநீரில் கொதிக்கவிட்டு உலர்த்தியது. அழகான அச்சுப் பையில் வருவது பல நேரம் இரண்டாவது வகைதான். அதை வாங்காதீர்கள். முழுக்காயின் தோல் தடிமன். உப்பும் புளிப்பும் உள்ளே இறங்குவதில்லை. பொரித்தால் வெளியே கருகும், உள்ளே விதை கல்லாக நிற்கும், கசப்பு குறையாது.

வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். நல்ல வத்தல் ‘படக்’கென்று முறியும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. விதை நகத்தால் நசுங்கினால் பிஞ்சுக்காய். பல்லுக்கே மசியாவிட்டால் முற்றியது. எத்தனை நாள் மோரில் போட்டாலும் திருந்தாது. முகர்ந்தால் கடுகை நினைவூட்டும் லேசான காரநெடி இருக்க வேண்டும். கடுகு சேர்ந்த தாவரக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு ஆதண்டையின் குடும்பம். நசுக்கும்போது எழும் காரத்துக்குக் காரணமான சேர்மங்களும் அதே வகை. வெள்ளை பூத்திருந்தால் நாக்கில் வைத்துப் பாருங்கள்: கரைந்தால் உப்பு, பஞ்சுபோல் ஒட்டினால் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் திறந்த சாக்கில் வைத்து விற்பதைத் தொடவே வேண்டாம்.

மாசி, பங்குனியில் பூக்கும் கொடி இது. வெள்ளையாக விரியும் நீண்ட மகரந்தத் தாள்கள் பிறகு ஊதாச் சிவப்பாக மாறும். அதற்குப் பின் வரும் காய் நெல்லிக்காய் அளவில், பச்சையாக, விதை இளசாக இருக்கும் போதே பறிக்க வேண்டும். பழுத்துச் சிவந்தது வத்தலுக்கு ஆகாது. பச்சைக்காய் சந்தையில் கண்ணில் பட்டால் வத்தலை விட்டுவிட்டு அதையே வாங்குங்கள். ஒரு கிலோ காயைக் காம்பு கிள்ளி, இரண்டாகப் பிளந்து, ஒரு லிட்டர் கெட்டியான புளித்த மோரில் 100 கிராம் கல்லுப்போடு ஊறவிடவும். பகலில் எடுத்துச் சொளகில் காயவைத்து, இரவில் அதே மோரில் போட வேண்டும். மூன்று நான்கு நாளில் மோர் வற்றிவிடும். பிறகு முறியும் வரை வெயில். மோர் புளிக்காமல் இருந்தால் கசப்பு தங்கிவிடும். உப்பைக் குறைத்தால் இரண்டாம் நாளே வழவழப்பு தட்டும்.

குழம்புக்கு வத்தலைக் கழுவக் கூடாது. துணியால் துடைத்தால் போதும். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தெறிக்கும். நான்கு பேருக்குப் பதினைந்து துண்டு, மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். அடுப்பைத் தணித்து, உப்பி அடர்பழுப்பு ஆனதும் எடுத்துத் தனியே வைக்கவும். கறுத்துவிட்டால் அந்த எண்ணெயையும் கொட்டிவிடுங்கள். கசப்பு குழம்பு முழுவதும் ஏறிவிடும். அதே எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, குழம்புத்தூள், எலுமிச்சை அளவு புளி. எண்ணெய் பிரிந்தபின், இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன் வத்தலைப் போட வேண்டும். உப்பு கடைசியில்தான், வத்தலிலேயே பாதி உப்பு இருக்கிறது.

இத்தாலியில் பந்தெல்லேரியாத் தீவில் ஆதண்டையின் உறவுச்செடியான கேப்பரின் பூமொட்டை உப்பில் ஊறவைக்கிறார்கள். அந்த ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டையும் 1996இல் பெற்றார்கள். நம் காட்டுக்காய்க்குக் கடைப்பையில் ஊர்ப்பெயர்கூட அச்சிடுவதில்லை.

வீட்டிலேயே வளர்க்க நினைத்தால், சில நாற்றுப் பண்ணைகளில் ஆதண்டைக் கன்று விற்கிறார்கள். பெரிய பையில், வேர் சுருளாமல் இருக்கும் கன்றாகப் பாருங்கள். இல்லையென்றால் பழத்தின் சதையைக் கழுவி, விதையை உலரவிடாமல் நட வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது மேல். நீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகும், சரளை மண் போதும். நடைபாதையை விட்டுத் தள்ளி, படர ஒரு மரத்தருகே வையுங்கள். பட்டாம்பூச்சிப் புழுக்கள் சில சமயம் இலை முழுவதையும் தின்று தீர்க்கும். மருந்தடிக்கத் தேவையில்லை; வேர் பிடித்த கொடி மறுபடி துளிர்த்துவிடும்.